.32 என்றால் எந்த .32?

தேர்தல் தேதி அறிவித்ததும் எங்கள் வீட்டுக்கு வருகிற முதல் போன் காங்கேயத்துக்குத் தெற்கே தோட்டத்தில் இருக்கும் மாமாவிடமிருந்துதான். "மாப்ளே, ஸ்டேஷனுக்குப் போவோணும், வண்டிய எடுத்துக்கிட்டு வந்துரு." உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தேர்தல் சமயத்தில் அதைக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குவதும், எல்லாம் முடிந்த பிறகு போய்த் திரும்ப எடுத்துவருவதும் எங்கள் பக்கம் பழகிப்போன வேலை. மாமாவிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று, அப்பச்சி காலத்து இரட்டைக்குழல் 12 போர் (போர் என்பது குழலின் அளவு). இன்னொன்று, .32 ரிவால்வர்; அந்த எண்ணும் குழல் அளவுதான், ஏறத்தாழ அங்குலக் கணக்கில். ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்த ஆயுதச் சட்டத்தை 2019-ல் திருத்தி 2 ஆகக் குறைத்தபோது, "நல்லவேளை, மூணாவது வாங்கல" என்று சிரித்தார்.

போன முறை துப்பாக்கிகளைத் துடைத்து உறையில் போட்ட பிறகு பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து என் கையில் கொடுத்தார். நல்ல கனம். திறந்தால் உள்ளே எல்லாம் ஒன்றாகக் கிடந்தன: சிவப்பு பிளாஸ்டிக் உறை போட்ட 12 போர் தோட்டாக்கள், அவற்றுக்கும் மூத்த, எழுத்து மங்கிய காகித உறைத் தோட்டாக்கள், இடையிடையே சுண்டுவிரலைவிட ஒல்லியான பித்தளைத் தோட்டாக்கள்.

"பெட்டி எங்கீங் மாமா?"

"எந்தப் பெட்டி?"

"தோட்டா வந்த அட்டப் பெட்டிங்க."

"அது கரையான் புடிச்சிருச்சுன்னு எப்பவோ அடுப்புல போட்டாச்சு. தோட்டா நல்லாத்தான இருக்குது?"

தோட்டா நல்லாத்தான் இருந்தது. ஆனால் அடுப்பில் போன அந்த அட்டைதான் தோட்டாவின் ஜாதகம். அது இல்லாவிட்டால் என்ன ஆகும், அது இருந்தும் அதில் தப்பாக எழுதியிருந்தால் என்ன ஆகும், தப்பு நடந்துவிட்டது என்று ஆலைக்காரர்கள் கண்டுபிடித்து "திருப்பி அனுப்புங்கள்" என்று சொல்வது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். துப்பாக்கியே பார்க்காதவர்களுக்கும் இதில் பாதி தெரிந்த கதையாகவே இருக்கும். நூல் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வேலை பார்த்தவர்களுக்கு முக்கால்வாசி.

சரி, முதலில் தோட்டா. ஓடாநிலையில் தீரன் சின்னமலை படை திரட்டிய காலத்துத் துப்பாக்கிக்கு மருந்தும் குண்டும் தனித்தனி. அவரைச் சங்ககிரியில் தூக்கிலிட்ட 1805-லும் அப்படித்தான். சுடுகிறவரே குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடிக்க வேண்டும். மருந்து கூடினாலும் குறைந்தாலும் அது அவர் கையால் நடந்த தப்பு. அதே நூற்றாண்டில் பின்னால் உலோகத் தோட்டா வந்தபோது இந்த வேலை முழுவதும் ஆலைக்குப் போனது. ஒரு பித்தளை உறை, அதன் அடியில் தட்டினால் பொறி விடும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் இறுக்கிய குண்டு. மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குகிறவரால் பார்க்க முடியாது. பிரித்துப் பார்த்தால் அது தோட்டாவாக இருக்காது. ஆகவே வெளியே எழுதியிருப்பதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

உள்ளே இருக்கும் மருந்து எவ்வளவு தெரியுமா? .38 ஸ்பெஷல் என்கிற கைத்துப்பாக்கித் தோட்டாவில் வேகமாக எரியும் வகை மருந்து சுமார் கால் கிராம். நம் பாட்டிமார் கணக்கில் ரெண்டு குந்துமணி எடை. அந்த ரெண்டு குந்துமணி எரியும்போது உண்டாகும் அழுத்தத்துக்கு அமெரிக்கத் தரம் வைத்திருக்கும் உச்சவரம்பு, சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. 9 மி.மீ. தோட்டாவுக்கு 35,000. பெட்ரோல் பங்கில் "காத்து எவ்வளவுங்க?" என்று கேட்டால் காருக்கு 35 என்று சொல்கிறோம் அல்லவா, அதே அளவுகோல்தான். ஆக, 9 மி.மீ. துப்பாக்கியின் குழலுக்குள் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம், கார் டயரைப்போல ஆயிரம் மடங்கு காற்று நிற்கிறது. சுடுகிறவரின் முகத்துக்கும் அந்தக் காற்றுக்கும் நடுவே இருப்பது சில மில்லிமீட்டர் எஃகும் ஒரு பித்தளை உறையும்.

.38 ஸ்பெஷலில் ஒரு வில்லங்கம் உண்டு. அது 1898-ல் கரும்மருந்துக் காலத்தில் பிறந்தது. கரும்மருந்து இடத்தை அடைக்கும் என்பதால் உறையை நீளமாகச் செய்தார்கள். பின்னாளில் வந்த புகையில்லா மருந்து கொஞ்சம் போட்டாலே போதும். எனவே உறைக்குள் பெரும்பகுதி காலியாகவே கிடக்கிறது. ஆலை இயந்திரம் ஒரு தடவை தடுமாறி அதே உறைக்குள் இரண்டாவது முறை மருந்தைக் கொட்டினாலும் வழியாது. மேலே குண்டு வைத்து மூடிவிட்டால் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. இரட்டை மருந்து என்று இதைச் சொல்வார்கள். இப்படி ஒன்று ரிவால்வரில் வெடித்தால் தோட்டாக்கள் உட்காரும் உருளையின் மேல்பகுதி பிய்ந்துபோகலாம்.

தராசில் நிறுத்துப் பார்த்துவிடலாமே, நம் ஊரில் நகைக்கடைத் தராசுக்கா பஞ்சம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சிக்கல் என்னவென்றால் குண்டு மட்டும் பத்து கிராமுக்கு மேல் இருக்கும், உறை அதோடு ஒரு நாலைந்து கிராம். குண்டுக்குக் குண்டு, உறைக்கு உறை இருக்கும் இயல்பான எடை வேறுபாட்டிலேயே அந்தக் கால் கிராம் மறைந்துபோக வாய்ப்பு இருக்கிறது. கனமாக இருப்பது மருந்தாலா பித்தளையாலா என்று தராசு சொல்லாது. ஒரு லாட்டில், அதாவது ஒரே தடவையில் செய்த தொகுதியில், பத்துத் தோட்டா கெட்டிருந்தாலும் முழு லாட்டையும் திரும்பக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

மருந்து கூடுவதைவிட இல்லாமல் போவது ஆபத்தில்லாதது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நமத்துப்போன தீபாவளி வெடி மாதிரி புஸ்ஸென்று போகும், அவ்வளவுதானே? கைத்துப்பாக்கியில் அப்படி முடிவதில்லை. மருந்தே இல்லாத தோட்டாவிலும் கேப்பு வெடிக்கும். அந்தச் சின்னப் பொறிக்குக் குண்டை உறையிலிருந்து கிளப்பிக் குழலுக்குள் தள்ளும் அளவுக்குப் பலம் உண்டு; வெளியே அனுப்பும் அளவுக்கு இல்லை. குண்டு பாதி வழியில் சிக்கி நிற்கும். சுட்டவருக்குக் கேட்டது வழக்கத்தைவிட மெல்லிய ஒரு சத்தம், கையில் உதைப்பே இல்லை. "சரியா வேலை செய்யல" என்று அடுத்த முறை விசையை இழுத்தால், நல்ல தோட்டாவிலிருந்து வரும் குண்டு அடைத்துக்கொண்டிருக்கும் குண்டின்மேல் போய் மோதும். குழல் வீங்கும், இல்லை பிளக்கும். மருந்து நிறைந்த நல்ல தோட்டாதான் துப்பாக்கியைக் கெடுக்கிறது, மருந்தில்லாதது அதற்கு வழி செய்து கொடுக்கிறது. சத்தம் குறைந்தால் நிறுத்து என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இதெல்லாம் தயாரிப்புக் கோளாறு. லேபிள் தப்பு என்பது இதிலிருந்து கொஞ்சம் விலகிய சங்கதி. தோட்டாவில் ஒரு குறையும் இருக்காது. தன் பெட்டியில் இல்லாமல் அடுத்த பெட்டியில் உட்கார்ந்திருக்கும்.

மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு ஒரு சொல் உண்டு: கவுண்ட் மிக்ஸ். கவுண்ட் என்றால் நூலின் பருமனைச் சொல்லும் எண். 30-ஆம் நம்பர் நூலும் 34-ஆம் நம்பர் நூலும் கோனில் சுற்றிய பிறகு கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு கவுண்டுக்கும் ஒரு நிறத்தில் காகிதக் கோன் வைக்கிறார்கள். ஷிப்ட் மாறும்போது பழைய கவுண்டின் கோன் நாலு, கூடையடியில் தங்கிப் புதுப் பையில் போய்விட்டால் மில்லில் யாருக்கும் தெரியாது. திருப்பூரில் நிட்டிங் ஓட்டி, சாயம் போட்டு, துணியை வெளிச்சத்தில் விரித்த பிறகுதான் குறுக்கே கோடு கோடாகத் தெரியும். அப்போது மில்லுக்குப் போன் பறக்கும். பில்லையும் பையின் மேலிருந்த லாட் நம்பரையும் பத்திரமாக வைத்திருப்பவருக்குத்தான் நஷ்ட ஈடு.

தோட்டா ஆலையிலும் நடப்பது இதே. காலையில் ஒரு அளவு ஓடிய வரிசையில் மதியம் வேறு அளவு ஓடும். தொட்டியின் மூலையில் பழையது ஒன்று தங்கினால் அது புதுப் பெட்டிக்குள் போகும். சில சமயம் பெட்டியின் அச்சே மாறிவிடும்: வெளியே ஓர் அளவு, உள்ளே 50-ம் வேறு அளவு. இந்த இரண்டாவது வகைதான் பார்க்கப் பெரிய தப்பு, ஆனால் பிடிக்க எளியது. ஒன்றை எடுத்துத் துப்பாக்கியில் போட்டால் பெரும்பாலும் உள்ளே போகாது, போனாலும் ஆடும். 49 சரியான தோட்டாக்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஒன்றுதான் பயப்பட வேண்டியது. முதல் பத்தைப் பார்த்து நம்பிக்கை வந்த பிறகு கை தானாகவே எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கும். .40 தோட்டாவுக்கான துப்பாக்கியில் 9 மி.மீ. தோட்டா ஒன்று நுழைந்தால், தோட்டா உட்காரும் அறை அகலம் என்பதால் உறை தாங்க ஆளில்லாமல் விரிந்து கிழியும்; எரிகிற வாயு போகக் கூடாத பக்கம் போகும்.

இந்த ஆபத்து தெரிந்தே சில தோட்டாக்களைத் தப்பாகப் போட முடியாதபடி செய்தார்கள். 1935-ல் .357 மேக்னம் வந்தபோது, அதன் உறையும் .38 ஸ்பெஷலின் உறையும் ஒரே பருமன். அழுத்தமோ இரண்டு மடங்குக்கு மேல், 35,000. பழைய .38 ரிவால்வரில் யாராவது இதைப் போட்டால் கதை முடிந்தது. ஆகவே உறையை வேண்டுமென்றே ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீட்டினார்கள். நீளம் அதிகம் என்பதால் பழைய உருளைக்குள் முழுதாக இறங்காது. லேபிளைப் படிக்காதவரையும் இது காப்பாற்றும். ஆனால் எல்லாரும் இவ்வளவு யோசிக்கவில்லை. 1929-ல் வந்த .38 சூப்பர், 1900-ல் வந்த .38 ஏசிபி இரண்டுக்கும் வெளி அளவு ஒன்றுதான். அழுத்தம் முன்னதற்கு 36,500, பின்னதற்கு 26,500. புதியது பழைய பிஸ்டலுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். அங்கே லேபிளைத் தவிர காவலுக்கு வேறு ஒன்றும் இல்லை.

நம் நாட்டில் இந்தக் குழப்பம் .32 என்ற ஒரே எண்ணில் வந்து நிற்கிறது. 9 மி.மீ., .38 போன்ற குழல் அளவுகள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை, போலீஸுக்கும் ராணுவத்துக்கும்தான். சாதாரண உரிமத்தில் கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32, இல்லையென்றால் .22. அரசு ஆலைகளே .32 ரிவால்வரும் செய்கின்றன, .32 பிஸ்டலும் செய்கின்றன. ஆனால் இரண்டுக்கும் தோட்டா வேறு. ரிவால்வருக்குப் போடுவது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங்: 1896 வாக்கில் வந்தது, உறை நீளம் 23 மி.மீ., அடியில் நன்றாகத் துருத்திய விளிம்பு. பிஸ்டலுக்கு .32 ஏசிபி: 1899-ல் வந்தது, உறை 17 மி.மீ., விளிம்பு இருக்கிறதா என்று தடவித்தான் பார்க்க வேண்டும். மில்லிமீட்டர் கணக்கில் சொன்னால் தெளிந்துவிடுமா என்றால், இரண்டையும் 7.65 என்றே சொல்கிறார்கள். பேர் வைத்தவர்களை என்ன சொல்ல.

நீளமான ரிவால்வர் தோட்டா பிஸ்டலின் மேகசினுக்குள் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் கூடு) போகாது. அந்தப் பக்கம் கவலையில்லை. பிஸ்டல் தோட்டாவோ ரிவால்வரின் அறைக்குள் பெரும்பாலும் போய் உட்கார்ந்துகொள்ளும், ஏனென்றால் உடம்பின் பருமன் ஏறத்தாழ ஒன்றுதான். வெடிக்கவும் செய்யும். ரிவால்வர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரத்தின் உச்சவரம்பு 15,000. பிஸ்டல் தோட்டாவுக்கு 20,500. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். நல்ல எஃகில் செய்த புதுத் துப்பாக்கி ஒருமுறை தாங்கிக்கொள்ளலாம். தாத்தா காலத்து ரிவால்வர் தாங்குமா என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். கடையில் போய் "பாயிண்ட் முப்பத்திரண்டு ஒரு பெட்டி" என்று மட்டும் கேட்பவருக்கும், ரிவால்வருக்கா பிஸ்டலுக்கா என்று திருப்பிக் கேட்காமல் எடுத்துக் கொடுப்பவருக்கும் நடுவில் அச்சுப்பிழை எதுவும் தேவையில்லை. பேரே போதும்.

12 போர் கதை இன்னும் நமக்குப் பக்கம். போர் என்றதும் தோட்டத்துக்காரர்களுக்குத் திருச்செங்கோட்டு ரிக் வண்டியும் ஆறரை இஞ்சும்தான் நினைவுக்கு வரும். இந்தப் போரில் எண் கூடினால் குழல் ஒல்லியாகும். நூல்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 40-ஆம் நம்பர் நூல் 20-ஐவிட மெல்லியது; ஒரு பவுண்டு பஞ்சில் எத்தனை சிட்டம் வருகிறது என்பதுதான் கவுண்ட். துப்பாக்கியிலும் அதே பவுண்டு: ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை சம உருண்டையாகப் பிரித்தால் ஓர் உருண்டை குழலுக்குச் சரியாக இருக்கும் என்பதுதான் போர். 12 உருண்டை என்றால் 18.5 மி.மீ. குழல், 20 உருண்டை என்றால் 15.6 மி.மீ.

20 போர் தோட்டா ஒன்று தப்பித் தவறி 12 போர் துப்பாக்கிக்குள் விழுந்தால் அறையில் நிற்காது. வழுக்கி முன்னே போய், குழல் குறுகும் இடத்தில் விளிம்பு மாட்டி நிற்கும். பின்னாலிருந்து பார்த்தால் அறை காலி. "போடலையாட்டம் இருக்குது" என்று சரியான 12 போர் தோட்டாவை அதன் பின்னால் போட்டு மூட இடம் தாராளமாக இருக்கும். அப்புறம் விசையை இழுத்தால் முன் கை பிடித்திருக்கும் இடத்திலேயே குழல் வெடிக்கும். இதற்காகவே 20 போர் தோட்டாவின் உறையை மஞ்சளாகச் செய்வது உலக வழக்கமானது. கோனுக்கு நிறம் வைத்த அதே புத்தி.

மாமாவின் டின்னில் மஞ்சள் எதுவும் இல்லை. ஆனால் 65 மி.மீ. என்று எழுதியதும் 70 மி.மீ. என்று எழுதியதும் கலந்து கிடந்தன. இது நுணுக்கமான ஏமாற்று. அந்த நீளம் சுடுவதற்கு முன்னால் இருக்கும் நீளம் அல்ல, சுட்டு வாய் விரிந்த பிறகு வரும் நீளம். ஆகவே 65 அறை வைத்த பழைய துப்பாக்கிக்குள் 70 தோட்டா சத்தமில்லாமல் போய் உட்காரும். சுடும்போதுதான் விரிய இடம் போதாமல் வாய் குழலுக்குள் நெரிந்து அழுத்தம் ஏறும். உள்ளே போகுது, அப்போ சரிதான் என்ற கணக்கு இங்கே செல்லாது. குழலின் அடியில் பொறித்த எண்ணைப் பார்க்க வேண்டும். அப்பச்சியின் துப்பாக்கியில் துரு அரித்து அந்த எண் பாதிதான் தெரிந்தது.

தப்பு நடந்துவிட்டது என்று ஆலைக்குத் தெரிந்தால்?

திருப்பூர் ஏற்றுமதிக்காரர்களுக்கு ரீகால் என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். குழந்தைகள் போடும் ஹூடியின் கழுத்தில் நாடா வைத்துத் தைத்து அமெரிக்காவுக்கு அனுப்பினால் அங்கே நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அதைக் கடையிலிருந்து எடுக்க வைக்கும். நாடா எதிலாவது சிக்கிக் குழந்தைக்குக் கழுத்து இறுகிவிடும் என்பது காரணம். 1996-லிருந்து வழிகாட்டுதலாக இருந்ததை 2011-ல் விதியாகவே ஆக்கிவிட்டார்கள். அந்த ஆணையம் 1972-ஆம் வருடச் சட்டத்தில் உருவானது. பொம்மை, கட்டில், மிக்ஸி, ஹூடி எல்லாம் அதன் கைக்குள். துப்பாக்கியும் தோட்டாவும் மட்டும் கைக்கு வெளியே. சட்டம் போட்டபோதே விலக்கிவைத்தார்கள். தோட்டாவை ஆபத்தான பொருளாக அறிவிக்கச் சொல்லி ஒரு முயற்சி நடந்ததும், 1976-ல் திருத்தம் கொண்டுவந்து துப்பாக்கி, தோட்டா, மருந்து எதன் தயாரிப்பையும் விற்பனையையும் ஆணையம் கட்டுப்படுத்தக் கூடாது என்று இன்னும் அழுத்தமாக எழுதிவைத்தார்கள். அவிநாசி ரோட்டில் தைத்த ஒரு நாடாவைத் திரும்பப் பெற வைக்க முடிகிற அரசு, இரட்டை மருந்து விழுந்த தோட்டாவைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவு போட முடியாது.

ஆகவே அங்கே தோட்டா ரீகால் என்பது ஆலை தானாக முன்வந்து செய்வது. வழக்கு பயம் இருப்பதால் செய்கிறார்கள், அது வேறு. மேலே நான் சொன்ன அழுத்த வரம்புகளை வைத்திருக்கும் சாமி என்ற அமைப்பும் (நம் சாமி இல்லை, 1926-ல் ஆலைக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கத்தின் சுருக்கப் பெயர்) விருப்பத்தரம் வைப்பதுதான். அறிவிப்பின் வடிவம் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்று. எந்தத் தோட்டா, பெட்டியில் எந்தக் குறியீடு, எந்த லாட் நம்பர், என்ன கோளாறு இருக்கலாம் என்று சொல்லி, உடனே சுடுவதை நிறுத்துங்கள் என்பார்கள். இந்தத் தொலைபேசிக்குப் பேசுங்கள், அனுப்பும் செலவு எங்களுடையது, பதிலுக்குப் புதிது தருகிறோம் என்று முடியும். லாட் நம்பர் பெட்டியின் மடிப்பிலோ உள்பக்கத்திலோ அச்சாகியிருக்கும். தோட்டாவின் அடியில் பொறித்திருப்பது ஆலையின் எழுத்தும் அளவும்தான். வணிகத் தோட்டாக்களில் லாட் அங்கே இருப்பதில்லை. பெட்டியை எறிந்தவர் அறிவிப்பைப் படித்தாலும் தன் கையில் இருப்பது அந்த லாட்டா இல்லையா என்று சொல்ல முடியாது. டின்னில் இரண்டு பெட்டியைக் கலந்து கொட்டியவருக்கு இரண்டு லாட்டுமே போச்சு.

அங்கே இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 1968-ஆம் வருடச் சட்டப்படி தோட்டா வாங்குபவரின் பெயரைக் கடைக்காரர் எழுதி வைக்க வேண்டியிருந்தது. 1986-ல் அதை எடுத்துவிட்டார்கள். கவச உடையைத் துளைக்கும் வகைக்கு மட்டும் இன்னும் எழுத வேண்டும். ஆக, நாடு தழுவிய பதிவு எதுவும் இல்லை. அறிவிப்பு வெளியானாலும் யாரிடம் அந்தப் பெட்டி இருக்கிறது என்று ஆலைக்குத் தெரியாது. வாங்கியவர்தான் கண்ணில் பட்டுப் படிக்க வேண்டும்.

நம் ஊரில் இதற்கு நேர்மாறு. உரிமப் புத்தகம் இல்லாமல் ஒரு தோட்டாவும் வாங்க முடியாது. ஒரு சமயத்தில் எத்தனை வைத்திருக்கலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்பதும் அதிலேயே இருக்கும். வாங்கும்போது கடைக்காரர் புத்தகத்திலும் எழுதுவார், தன் பேரேட்டிலும் எழுதுவார். யார் வாங்கினார், எந்தத் தேதி, எத்தனை என்பது சட்டத்துக்காக எழுதப்படுகிறது; குற்றம் நடந்தால் பிடிப்பதற்காக. அதே வரியில் லாட் நம்பரையும் சேர்த்து எழுதினால் ஒரு லாட்டை வாங்கிய அத்தனை பேரையும் ஒரே மதியத்தில் போன் போட்டுக் கூப்பிட்டுவிடலாம். உலகத்தில் பல நாடுகள் ஏங்கும் வசதி பேரேட்டில் சும்மா கிடக்கிறது என்பது என் எண்ணம். 1869-லிருந்து தோட்டா செய்யும், புனேயில் இருக்கும் கட்கி ஆலை, அரசுத் துறையாக இருந்தது போய் 2021-லிருந்து கம்பெனியின் கீழ் வந்துவிட்டது. தனியாரும் இந்தத் தொழிலில் இறங்கிவிட்டார்கள். ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் பொதுவாக இருக்கிறது. காருக்கும் அதே வருடம் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் ரீகால் வந்தது. ஆனால் தோட்டாவைக் கூரியரில் போட்டுத் திருப்பி அனுப்ப முடியாது. உரிமம் உள்ள கடை வழியாகத்தான் எதுவும் நடக்கும் என்பதால் கடைக்காரரின் பேரேடுதான் இங்கே ஆணிவேர்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது சொற்பம். தோட்டாவை அது வந்த பெட்டியிலேயே வைப்பது. போடும் முன் ஒவ்வொன்றையும் திருப்பி அடியில் இருக்கும் எழுத்தைத் துப்பாக்கியில் பொறித்ததோடு ஒத்துப் பார்ப்பது. முதல் ஒன்றை மட்டும் அல்ல. துப்பாக்கிக்கு விடும் எண்ணெயைத் தோட்டாப் பக்கம் கொண்டுபோகாமல் இருப்பது, ஏனென்றால் எண்ணெய் கேப்புக்குள் ஊறினால் அது செத்துப்போகும். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலை ஆபத்தில்லாத பக்கம் நீட்டியபடி அரை நிமிடமாவது காத்திருப்பது, தாமதமாக வெடிப்பதும் உண்டு. சந்தேகமான தோட்டாவைக் கிணற்றில் வீசும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. கிணறு வற்றும் வருடம் யாராவது தூர் வாரும்போது அது வெளியே வரும்.

அன்று ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன் திண்ணையில் ஒரு பழைய வேட்டியை விரித்து டின்னைக் கவிழ்த்தோம். மாமா தன் படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நான் போன் விளக்கைப் பிடித்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, அடியில் கட்டைவிரலால் துடைத்து, அவர் எழுத்தைச் சொல்லச் சொல்ல நான் வரிசை பிரித்தேன். .32 எல்லாம் ஒரே வகை, எல்லாவற்றிலும் கட்கியின் பழைய ஆங்கிலப் பெயரான கிர்க்கியைக் குறிக்கும் கே.எஃப். இருந்தது, விளிம்பும் ஒழுங்காகத் துருத்தியிருந்தது. அப்பாடா என்றிருந்தது. 12 போரில்தான் நேரம் போனது. 65 ஒரு பக்கம், 70 ஒரு பக்கம். எழுத்தே தெரியாத காகித உறைக்காரர்கள் ஏழு பேர் தனியாக. அவற்றில் ஒன்றின் இடுப்பு ஈரத்தில் ஊதியிருந்தது.

"இதுகள என்னுங் மாமா பண்ணறது?"

"எஸ்.ஐ.கிட்ட கேட்டு எழுதிக் குடுத்துட்டு ஒப்படைச்சர்லாம். எண்ணிக்கை புத்தகத்துல கழியோணுமல்லோ."

ரெண்டு மாதம் கழித்து, துப்பாக்கியைத் திரும்ப வாங்கிய பிறகு புதுப் பெட்டி ஒன்று வாங்கப் போனோம். கடைக்காரர் பேரேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மாமா பெட்டியின் மடிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லாட் நம்பரையும் எழுதிக்குங்க" என்றார். அவர் நிமிர்ந்து பார்த்து, அதற்கு இதில் கட்டம் இல்லீங்களே என்றார். "ஓரத்துல எழுதுங்க. வெதப் பாக்கெட்ட வெள்ளாமை எடுக்கறவரைக்கும் எரவானத்துல சொருகி வெச்சிருக்கறமல்ல, அதாட்டத்தான்." கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினார்.